ஒன்பதாவது பாரா

நம்பரக்காவைப் பற்றி எழுத எனக்கு அருகதை கிடையாது. இருந்தும் எழுதுகிறேன். வேறு யாரும் எழுதப்போவதில்லை, அப்படியே எழுதினாலும் என் பங்கை விட்டுவிட்டுத்தான் எழுதுவார்கள். வக்கீல்கள் நாங்கள் ஒருவரையொருவர் அவ்வளவு சுலபமாகக் காட்டிக்கொடுக்க மாட்டோம்.

குடும்பநல நீதிமன்றத்தின் பின்வாசலுக்கு எதிரே வரிசையாகச் சின்ன அறைகள் இருக்கின்றன. ஒன்றில் நகல் எடுப்பார்கள், ஒன்றில் டீ, ஒன்றில் பேனா, கோப்பு, குண்டூசி. நாலாவது அறை நம்பரக்காவுடையது. அறை என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டும். ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், பத்துப் பக்கத்துக்கு ஒருமுறை காகிதத்தைக் கடித்துக்கொள்ளும் ஒரு பிரிண்டர், வந்தவர் உட்கார ஒரு ஸ்டூல். சுவரோரமாக, அக்கா இதுவரை அடித்த மனுக்களின் நகல்கள் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருக்கும். எந்த வக்கீல் எப்போது வந்து "போன வருஷம் ஒண்ணு போட்டோமே, அதைக் கொஞ்சம் எடுங்கக்கா" என்று நிற்பான் என்று தெரியாது. அதனால் எதையும் தூக்கிப் போட மாட்டார்.

நம்பரக்கா என்ற பெயர் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். ஒரு தாயையோ தகப்பனையோ பிள்ளை வளர்க்கத் தகுதியில்லாதவர் என்று கோர்ட் சொல்ல வேண்டுமானால் சட்டத்துக்குக் காரணம் வேண்டும். 'எனக்கு அவளைப் பிடிக்கல' என்றால் நடக்காது. பிள்ளையை அடித்தார், குடித்துவிட்டு வந்தார், பட்டினி போட்டார், தனியே விட்டுவிட்டுப் போனார், பள்ளிக்கு அனுப்பவில்லை, சித்தம் கலங்கிய நிலையில் பிள்ளைக்கு ஆபத்தாக இருக்கிறார், நடத்தை சரியில்லாமல் பிள்ளையைக் கெடுக்கிறார். சுற்றிச் சுற்றி இதற்குள்தான் வரும். மனிதர்கள் புதுசு புதுசாகப் பிரிந்தாலும் காரணங்கள் பழசுதான். அக்கா அத்தனையையும் பதினோரு பாராக்களாகக் கம்ப்யூட்டரில் சேர்த்துவைத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்திருந்தார். மனுவிலும் அந்த எண்ணே பாரா எண்ணாக வரும்.

நாங்கள் கதையைச் சொல்வதில்லை. எண்ணைச் சொல்வோம். "அக்கா, ரெண்டு, நாலு, ஏழு. இதுல அப்பாதான் எதிர்மனுதாரர், ஆம்பளையா மாத்திடுங்க." ஓட்டலில் சப்ளையரிடம் சொல்வது மாதிரி சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவோம். திரும்பி வரும்போது ஒரு குடும்பத்தின் துக்கம் சூடாகப் பிரிண்டரிலிருந்து வந்துகொண்டிருக்கும். ஒருமுறை எவனோ ஆணாக மாற்றச் சொல்ல மறந்துவிட்டான். எதிர்மனுதாரரான லாரி டிரைவர் தன் கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்க மறுத்துவிட்டதாக மனு தாக்கலாகிவிட்டது. அந்த வரிசை முழுக்க ஒரு வாரம் வயிறு வலிக்கச் சிரித்தோம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. தப்பு என்னுடையது என்று சொல்லித் திருத்தி அடித்துக் கொடுத்தார்.

அக்காவுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயதிருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு அதையே தேடுவார். எங்களையெல்லாம் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார், தலை நரைத்த வக்கீல்களையும் சேர்த்து. அவருடைய குடும்பத்தைப் பற்றி நாங்கள் யாரும் கேட்டதில்லை. அடுத்தவர் குடும்பத்தைப் பிரித்துப் படிப்பதே தொழிலான ஆட்கள், பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர் ஒருவர் என்னிடம் வந்தார். மனைவியோடு ஒத்துவராமல் ஒரு வருஷமாகத் தனியே இருக்கிறார். ஏழு வயதுப் பெண் குழந்தை அம்மாவிடம் இருக்கிறாள். அவளைத் தன்னிடம் வாங்கித் தர வேண்டும் என்றார். மனைவிக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை, காலை ஆறு மணி ஷிஃப்ட். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார், இரண்டு தடவை பள்ளியிலிருந்து கூட்டிவரத் தாமதமாகி, பிள்ளை வாட்ச்மேனோடு உட்கார்ந்திருந்தது. குறை என்றால் அவ்வளவுதான்.

"வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன்.

"வேற என்ன சார்... கோபக்காரி. ஆனா பிள்ளைன்னா உயிரு. அதையும் சொல்லணும்ல" என்றார் மாஸ்டர்.

நல்ல மனிதர். நான்தான் நல்ல வக்கீலாக இருக்க நினைத்தேன். வெறும் ஷிஃப்டை வைத்துக்கொண்டு போனால் கேஸ் நிற்காது. நேரே அக்காவிடம் போய் "அஞ்சு, ஆறு, ஒன்பது" என்றேன்.

ஒன்பதாவது பாரா இதுதான். அதை மனப்பாடமாகச் சொல்லாத வக்கீல் எங்கள் கோர்ட்டில் கிடையாது. 'எதிர்மனுதாரரின் நடத்தை சந்தேகத்திற்கு இடமாக உள்ளதென்றும், மனுதாரர் இல்லாத வேளைகளில் நீல நிற இருசக்கர வாகனத்தில் அடையாளம் தெரியாத ஆண் நபர் ஒருவர் வீட்டிற்கு வந்து செல்வதை அக்கம்பக்கத்தார் கண்டுள்ளனர் என்றும், இத்தகைய சூழலில் வளரும் மைனர் குழந்தையின் மனநலனும் ஒழுக்கமும் கெடும் என்றும் மனுதாரர் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறார்.'

இந்தப் பாராவை யாரும் நம்புவதில்லை. இது எங்களுக்குள் ஒரு வழக்கம். ஒன்பதைப் போட்டால் எதிர்த்தரப்பு பயந்து சமரசத்துக்கு வரும். வந்ததும் பெருந்தன்மையாக ஒன்பதை வாபஸ் வாங்கிக்கொள்வோம். எதிர்த்தரப்பு வக்கீலும் இந்த வரிசையில் டீ குடிக்கிறவர்தான், 'முற்றிலும் பொய், மறுக்கிறோம்' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போவார். அந்த நீல வண்டியைக்கூடப் பாராவிலிருந்து யாரும் எடுக்கச் சொன்னதில்லை. "பாவம் அந்த ஆளு, ஊர்ல எத்தனை வீட்டுக்குத்தான் போவான்" என்று சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் மாஸ்டர் மனுவை முழுக்கப் படித்தார். பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை, காட்டிய இடத்தில் போட்டுவிட்டுப் போவார்கள். இவர் விரலை வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தார். மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது. முகத்தில் ஈயாடவில்லை.

"இது... எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?" என்றார்.

இதை எழுதும்போதும் கை கூசுகிறது. அந்த இடத்தில் 'ஐயோ, அது சும்மா போடுறதுங்க' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஐந்து வார்த்தைகூட ஆகாது. ஆனால் அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு மரியாதை இருந்தது. இந்த வக்கீல் விஷயத்தை வேரோடு தோண்டி எடுத்துவிட்டான் என்ற மரியாதை. எனக்கு அப்போது தொழிலில் மூன்று வருஷம்தான். அப்படி யாரும் என்னைப் பார்த்ததில்லை. நான் லேசாகச் சிரித்து, "கையெழுத்துப் போடுங்க" என்றேன்.

குழந்தையின் அம்மா வக்கீல் வைக்கவில்லை. யாரோ சொன்னார்களாம், நீங்களே பதில் எழுதிக் கொடுக்கலாம் என்று. கோடு போட்ட தாளில் நீல மையில் ஆறு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஐந்தாவது பாராவுக்குப் பதில் இருந்தது: பக்கத்து வீட்டு அம்மாவிடம் பிள்ளை எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை இருக்கிறாள், என்ன சாப்பிடுகிறாள். ஆறாவது பாராவுக்குப் பதில் இருந்தது: அந்த இரண்டு நாளும் ஏன் தாமதமானது, அதற்குப் பிறகு ஷிஃப்டை எப்படி மாற்றிக்கொண்டார். பிறகு '9' என்று எழுதி, அதன் எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார். நாலு விரல் அகலத்துக்கு வெறும் கோடுகள். அதற்குக் கீழே, 'என் பிள்ளையை என்னிடமே விடும்படி கேட்டுக்கொள்கிறேன்' என்று முடித்திருந்தார்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. எதிர்த்தரப்பு மறுக்காததை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளலாம். அப்போது எங்கள் கோர்ட்டுக்கு வந்திருந்தவர் புது நீதிபதி, எழுத்தெண்ணிப் படிக்கிற அம்மா. எங்களுடைய வழக்கமெல்லாம் அவருக்குத் தெரியாது. நான் எழுந்து, "ஒன்பதாவது பத்தியை எதிர்மனுதாரர் மறுக்கவில்லை என்பதைக் கோர்ட் கவனிக்க வேண்டுகிறேன்" என்றேன்.

நீதிபதி அந்தப் பெண்ணைப் பார்த்து, "இதுக்கு நீங்க பதில் சொல்ல விரும்பலையா?" என்று கேட்டார். கோர்ட்டில் நாற்பது பேர் இருந்தோம். அந்தப் பெண் வாயைத் திறந்தார், சுற்றிலும் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். மறுபடி கேட்டபோதும் தலை நிமிரவில்லை.

குழந்தையை இப்போதைக்குத் தகப்பனிடம் ஒப்படைக்க உத்தரவானது. அம்மா ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம், கோர்ட் வளாகத்தில், கோர்ட் ஊழியர் முன்னிலையில் பார்க்கலாம். வராந்தாவில் பிள்ளையின் ஷூ கயிற்றைக் கட்டிவிட்டுக்கொண்டே அந்த அம்மா, "அப்பா வீட்ல சமத்தா இருக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளை, "ஏம்மா கீழயே பாத்துப் பேசுற? என்னைப் பாத்துச் சொல்லு" என்றது. நான் அவர்களைக் கடந்து டீக்கடைக்குப் போனேன். அன்று மூன்று பேர் எனக்குக் கை கொடுத்தார்கள்.

பத்து நாள் கழித்து மத்தியானம் நம்பரக்கா என் அறைக்கு வந்தார். அவர் தன் அறையைப் பூட்டிவிட்டு வந்து நான் பார்த்ததேயில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தம்பி, சலவைப் பிரிவுல வேலை பாக்குற அந்தப் பொண்ணு எங்கிட்ட வந்திருந்துச்சு. உத்தரவை மறுபடி பாக்கச் சொல்லி மனு போடணுமாம். யார் அடிச்சதுன்னெல்லாம் அதுக்குத் தெரியாது. நீங்க போட்ட மனுவோட நகலைக் கொண்டுவந்துச்சு. மூணாம் பக்கத்துல ஒரு வெள்ளைக் காகிதத்தைக் கத்தரிச்சு, நாலு பக்கமும் பசை தடவி ஒட்டியிருக்கு. 'இந்த ஒரு இடத்தை மட்டும் பிரிச்சுப் படிக்காதீங்கக்கா'ன்னுச்சு."

நான் மேசையில் கிடந்த கோப்பை இழுத்துத் திறந்தேன்.

"இதுக்குத்தாம்மா பதில் எழுதணும், இதுலதான் நீ தோத்தன்னு சொன்னேன். 'இல்லைன்னு எழுதுறதே அசிங்கம்க்கா. எழுதினா நாலு பேரு படிப்பாங்க, எதை இவ இல்லைங்கிறான்னு கேப்பாங்க'ன்னு சொல்லிட்டு அழுவுது. அந்தக் காகிதத்துக்கு அடியில என்ன இருக்குன்னு எனக்குக் கண்ணை மூடிக்கிட்டுத் தெரியும். தெரியாத மாதிரி தலையாட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன் தம்பி. கூசிப்போச்சு. நீங்க போய் அந்தப் பாராவை வாபஸ் வாங்கிடுங்க."

"அக்கா, உத்தரவு ஆயிடுச்சு. கட்சிக்காரர் கையெழுத்துப் போட்டது. நான் எப்படி வாபஸ் வாங்க முடியும்?"

"கட்சிக்காரர் அதைச் சொன்னாரா உங்ககிட்ட?"

பதில் சொல்ல முடியாத கேள்வி வந்தால் வக்கீலுக்குக் கோபம் வரும். எனக்கும் வந்தது. "நீங்க டைப்பிஸ்ட். சொன்னதை அடிக்கிறது உங்க வேலை. வழக்குல மூக்கை நுழைக்காதீங்க" என்றேன். அக்கா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் அந்த அம்மாவின் மனு தாக்கலாகியிருந்தது. அதோடு ஒரு சாட்சியின் வாக்குமூலமும் இருந்தது. சாட்சியின் பெயரை இரண்டு முறை படித்தேன்.

மூன்று மாதம் கழித்து வந்த விசாரணை அன்று நம்பரக்கா இரண்டு துணிப்பைகளோடு கூண்டில் ஏறினார். பைகளில் நாற்பத்தொரு மனுக்கள். பதினெட்டு வருஷத்து நகல்கள். வெவ்வேறு ஆண்டு, வெவ்வேறு பெண்கள், வெவ்வேறு வக்கீல்கள். எல்லாவற்றிலும் ஒன்பதாவது பாரா. "இந்த வண்டிக் கதையை யாரும் சொல்லி நான் அடிக்கிறதில்லைங்கம்மா. நம்பரைச் சொல்வாங்க, நான் அடிப்பேன். இந்தப் பொண்ணு மேலயும் அப்படித்தான் அடிச்சேன்" என்றார் நீதிபதியிடம்.

நீதிபதி அடுக்கிலிருந்து ஐந்து மனுக்களை உருவி, அவற்றைப் படிக்கும்படி என்னிடம் நீட்டினார். சத்தமாகப் படிக்கச் சொன்னார்.

முதலாவதைப் படித்தேன். நீல நிற இருசக்கர வாகனம். இரண்டாவதைப் படித்தேன். நீல நிற இருசக்கர வாகனம். பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் இருமினார்கள். மூன்றாவதில் கோர்ட்டே சிரித்துவிட்டது. நாலாவதைப் படிக்கும்போது சிரிப்பு குறைந்தது, ஏனென்றால் அந்த மனுவின் வக்கீல் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார். ஐந்தாவதைப் படித்து முடித்தபோது ஒரு சத்தமும் இல்லை. பள்ளிக்கூடத்தில் தப்பெழுதியவனைப் பலகைக்கு முன்னால் நிறுத்திப் படிக்கவைப்பது போலிருந்தது எனக்கு. காது இரண்டும் சுட்டது.

அத்தோடு நான் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. ஆத்திரம் கண்ணை மறைத்தது. குறுக்கு விசாரணை செய்ய அனுமதி கேட்டேன். அக்காவைப் பொய் சாட்சி என்று காட்டிவிட்டால் என் மானம் கொஞ்சமாவது மிஞ்சும் என்று நினைத்தேன்.

"இது பொதுவா எல்லா மனுவிலும் வர்ற பாராங்கிறீங்க. அப்படின்னா இதை யாராவது எங்கேயாவது முதல்ல எழுதியிருக்கணுமே. முதன்முதல்ல எந்த வழக்குல வந்துச்சு? சொல்ல முடியுமா?"

அவருக்குத் தெரியாது என்று நினைத்துத்தான் கேட்டேன்.

அக்கா கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அதுவரை என்னைத் தம்பி என்றே கூப்பிட்டவர், "என் வழக்குல சார்" என்றார்.

 நீதிபதி மெதுவாக, "சொல்லுங்கம்மா" என்றார்.

"இருபத்திநாலு வருஷம் முன்னாடிங்கம்மா. அப்ப ஒரு அச்சகத்துல அடிக்கிற வேலை. வீட்டிலிருந்தே அடிச்சுக் கொடுப்பேன். தாள் கொண்டுவந்து கொடுக்க, வாங்கிட்டுப் போக ஒரு பையன் வருவான். அவன் வண்டிதான் நீல வண்டி. என் வீட்டுக்காரர் என் பையனைக் கேட்டுக் கேஸ் போட்டப்ப அவரோட வக்கீல் இதை எழுதினாரு. நானும் அதுக்குப் பதில் சொல்லல. இதோ இந்தப் பொண்ணு நின்ன மாதிரிதான் நின்னேன். பிள்ளையைக் கொடுத்துட்டாங்க. அப்புறம் பொழைக்கணுமே, எனக்கு அடிக்கிறது ஒண்ணுதான் தெரியும். இந்தக் கோர்ட் வாசல்லயே வந்து உக்காந்தேன். ஒரு நாள் ஒரு வக்கீல் பழைய மனு ஒண்ணைக் கொண்டுவந்து, பேரை மட்டும் மாத்தி அடிங்கன்னாரு. பாத்தா அது என் மேல போட்ட மனு. பேரையெல்லாம் சிவப்பு மையில கோடு போட்டு அடிச்சிருந்துச்சு. அவருக்குத் தெரியாது, அது நான்தான்னு."

"அடிச்சுக் கொடுத்தீங்களா?" என்றார் நீதிபதி.

"கொடுத்தேன்."

"அந்த வண்டியையாவது நீங்க பாராவுலிருந்து எடுத்திருக்கலாமே? நாற்பத்தொரு தடவை ஏன் விட்டீங்க?"

 குழந்தையின் அம்மா உட்கார்ந்திருந்த பெஞ்சைப் பார்த்து அக்கா சொன்னார்.

"வேணும்னுதான் விட்டேன். அவன் என் வீட்டுக்கு மட்டும் வந்திருந்தா அது என்னோட அசிங்கம். ஊர்ல எல்லா வீட்டுக்கும் வந்தான்னா, என் வீட்டுக்கு வந்ததும் பொய்யின்னு ஆயிடும்ல. ஒவ்வொரு பொம்பளை மேலயும் அதை அடிக்கும்போது என் தலையிலிருந்து கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்துச்சு. அவங்க தலையில ஏறும்னு தெரிஞ்சுதான் செஞ்சேன். நாற்பத்தொரு பேரு. ரொம்ப வெக்கமா இருக்கும்மா."

நான் உட்கார்ந்துவிட்டேன். எப்போது உட்கார்ந்தேன் என்று ஞாபகமில்லை.

உத்தரவில் நீதிபதி ஒன்பதாவது பாராவை மனுவிலிருந்து நீக்கினார். குழந்தையை அம்மாவிடம் திருப்பித் தரச் சொன்னார். தகப்பன் வார இறுதியில் பார்க்கலாம். என்னைப் பற்றி இரண்டு வரி கண்டித்து எழுதியிருந்தார். அந்த அம்மா வராந்தாவில் அக்காவைக் கடந்துதான் போனார். அக்கா எழுந்து நின்றார். அந்த அம்மா நின்று அவர் முகத்தைப் பார்த்தார். நன்றி சொல்லவுமில்லை, திட்டவுமில்லை. பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு நம்பரக்காவின் அறைக்கு யாரும் போகவில்லை. சேர்ந்து பேசி முடிவெடுத்ததெல்லாம் இல்லை, தானாகவே எல்லோருக்கும் அடுத்த தெரு டைப்பிஸ்ட் பிடித்துப்போனார். ஒரு மாதத்தில் அந்த அறையில் குளிர்பானப் பெட்டி வைத்துவிட்டார்கள். எனக்கு என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? ஒன்றும் ஆகவில்லை. கண்டித்து எழுதிய இரண்டு வரியை யார் படிக்கப் போகிறார்கள். கேஸ்கள் வழக்கம்போல வந்தன. சொல்லப்போனால் கொஞ்சம் கூடவே வந்தன. அதுதான் எனக்கு இன்னும் அவமானம்.

அக்கா பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் உட்கார்ந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, பல நாள் தள்ளிப்போட்டு, ஒரு நாள் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். என்னைக் கண்டதும் ஸ்டூலைத் துடைத்து, "வாங்க சார்" என்றார். 'தம்பி' போனது போனதுதான்.

"இங்க பரவால்ல சார். வடக்கே யாரு வீடு, தெற்கே எந்தப் பாதை, அவ்வளவுதான். மனையைப் பத்தி யாரும் பொய் சொல்லச் சொல்றதில்ல. சொன்னாலும் மனை அழாது" என்றார்.

நான் அவர் மகனைப் பற்றிக் கேட்டேன். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக.

"முப்பது வயசாச்சு. வேற ஊர்ல இருக்கான். மூணு தடவை வந்து பாத்தான். மூணு தடவையும் வாசல்லயே நின்னுட்டுப் போயிட்டான். உள்ள வாப்பான்னா 'இருக்கட்டும்'பான். வந்து நிக்கிறப்ப தெருவை அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் பாப்பான். எதைத் தேடுறான்னு எனக்குத் தெரியும். அவங்கப்பா சொல்லி வளத்தது."

"அப்படி ஒண்ணும் இல்லைன்னு நீங்க சொல்லலையா?"

"அவன் கேக்கணுமே சார். கேக்காதப்ப நானா ஆரம்பிச்சு எப்படிச் சொல்றது, எம் புள்ளைகிட்ட?" அடித்த தாளைப் பிரிண்டரிலிருந்து எடுத்துத் தட்டி அடுக்கினார். பிறகு என்னைப் பார்க்காமலேயே கேட்டார். "கோர்ட்டு அந்தப் பாராவைத் தாள்ல இருந்து எடுத்துடுச்சு. அந்த மாஸ்டர் மனசுல இருந்து எடுத்தாச்சா? அது பொய்யின்னு நீங்க அவர்கிட்ட சொன்னீங்களா?"

நான் சொல்லவில்லை. தோற்ற பிறகு மாஸ்டர் என் அலுவலகத்துக்கு வரவே இல்லை. அது எனக்கு வசதியாக இருந்தது. கோர்ட்டில் நடந்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவர் கோர்ட்டுக்கு வரவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

மன்னிப்பைக் கேட்காமலேயே எழுந்து வந்துவிட்டேன். கேட்டிருந்தால் அவர் 'பரவால்ல சார்' என்று சொல்லியிருப்பார். அதைக் கேட்கத் தைரியமில்லை.

மறுநாள் காலை டிரைவிங் ஸ்கூல் மைதானத்துக்குப் போனேன். மாஸ்டர் காருக்குள் இடது பக்கம் உட்கார்ந்து, ஒரு நடுத்தர வயது அம்மாவுக்கு வண்டியைப் பின்னால் எடுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். "கண்ணாடியைப் பாருங்க, காலை எடுக்காதீங்க, பயப்படாதீங்க." பொறுமையான குரல். என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தார். ஆள் இளைத்திருந்தார்.

"கேஸ் போச்சு, பரவால்ல சார். நீங்க கண்டுபிடிச்சு கொடுத்தது உண்மைதானே. கோர்ட்டுக்குச் சாட்சி வேணும், அது நம்மகிட்ட இல்ல. அவ்வளவுதான்" என்றார். எனக்கு ஆறுதல் சொன்னார்.

"மாஸ்டர், நான் ஒண்ணும் கண்டுபிடிக்கல" என்றேன். "அப்படி ஒரு ஆளே கிடையாது. அது நாங்க எல்லா மனுவுலயும் போடுற பாரா. உங்க வீட்டம்மாவைப் பத்தி எனக்கு எதுவும் தெரியாது. நீங்க கேட்டப்பவே சொல்லியிருக்கணும். நான்தான் சொல்லல."

அவர் புரியாதவர் போல என்னைப் பார்த்தார். பிறகு புரிந்தது. கார்க் கதவின் மேல் கையை வைத்துக்கொண்டார். உள்ளே அந்த அம்மா, "மாஸ்டர், வண்டியை நிறுத்திடவா?" என்று கேட்டார். அவர் காதில் விழவில்லை.

"அந்த நாலு மாசம் எங்கிட்ட இருந்தப்ப," என்று ஆரம்பித்து நிறுத்தினார். "தெனமும் அம்மாகிட்ட போகணும், அம்மாகிட்ட போகணும்னு அழுதுக்கிட்டே இருந்துச்சு. அந்த வண்டியைப் பத்தி பாப்பாகிட்ட சொல்லிட்டேனே சார்."